நான்கு பள்ளிக்கும் ஒரே பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே உடம்பும் மனசும் ஒருசேரச் சுகமாக இருக்க வேண்டும், நீ பழுது பார்க்கப் போகிற லிஃப்டுகள் எல்லாம் உன்னை ஏற்றியது போலவே பத்திரமாக இறக்கியும் விட வேண்டும் என்பதுதான் என் அன்றாட வேண்டுதல். முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா போனில் அதற்குக் கையும் காலும் வைத்துச் சொல்லிவிடுவாள். மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய பள்ளி மண்டபத்தில் எங்கள் கல்வி வட்டாரத்து ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டி, மேலிடத்திலிருந்து வந்த ஆய்வறிக்கையைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். திரை என்றால் ஒரு வெள்ளைத் துணி. அதைத் தாங்குகிற ஸ்டாண்டின் கால் உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. வட்டாரக் கல்வி அதிகாரி என்னைப் பார்த்து, "டிரைவர், சும்மாத்தானே நிக்கிறீங்க, அந்தத் துணியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்றார். நான் ஒரு ஸ்டூல்மேலும் காவலாளி இன்னொரு ஸ்டூல்மேலும் ஏறி, துணிக்குப் பின்னால் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளிச்சம் துணியில் விழுந்ததும் எங்கள் பக்கமும் படம் தெரிந்தது. எழுத்தெல்லாம் திரும்பித் தெரிந்தது, அது எப்படியிருந்தாலும் நான் படிக்கப்போவதில்லை, ஆனால் நடுவில் ஒரு சிவப்புக் கோடு தரையிலிருந்து கிளம்பி விர்ரென்று கூரைக்கு ஏறியது. ஐந்து வருஷத்துத் தேர்ச்சி என்று அதிகாரி சொன்னது காதில் விழுந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துணி கையில் இருக்கிறது என்பதையே மறந்து கைதட்டிவிட்டேன். துணியின் ஒரு பாதி சரிந்து, கோடு அதிகாரியின் மூக்கின்மேல் போய் விழுந்தது. காவலாளிதான் மெதுவாகச் சொன்னான், "அண்ணே, நம்ம பக்கம் இருந்து பாத்தாத்தான் ஏறுது. அந்தப் பக்கம் அது இறங்குது." அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள் பார், மாடிக்குக் கேட்டிருக்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த உன் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. நான் திரும்பவும் துணியைத் தூக்கிப் பிடித்தபோது, அடுத்த படத்தில் அவள் பாடம் நடத்துகிற மேட்டுப் பள்ளி இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்த பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போனில் இதையெல்லாம் பேச முடியாது. நான் பேச ஆரம்பித்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று எனக்குப் பதிலாக அவளே பேசி முடித்துவிடுவாள், உன் தங்கை இருந்தால் என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அவள் பரீட்சைத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். உன் அம்மா உள் அறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள், யாருடையதோ பள்ளிச் சீருடை. அந்தக் கடகட சத்தம் இருக்கிறவரை என் பக்கம் திரும்ப மாட்டாள் என்ற தைரியத்தில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் மன்னித்துக்கொள், கல்வி அலுவலக வேனை இருபத்தாறு வருஷம் ஓட்டியவன் என்பதற்காகப் படிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது.

உனக்குப் பெட்டியைப் பற்றித் தெரியாது. நீ போன மறு வருஷம்தான் அது வந்தது. பன்னிரண்டு சின்ன மைக்ராஸ்கோப், நம் வட்டாரத்து மொத்தத்துக்கும் சேர்த்து. பெரிய பள்ளி, ஆற்றங்கரைப் பள்ளி, மில் பள்ளி, மேட்டுப் பள்ளி என்று நான்கு பள்ளிக்கும் பிரித்தால் ஆளுக்கு மூன்று, முப்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மூன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அதனால் அப்போதிருந்த அதிகாரி பன்னிரண்டையும் ஒரே தகரப் பெட்டியில் வைத்து ஒரு பள்ளிக்கு ஒரு வாரம் என்று சுற்ற விட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சுற்றுகிற வேலை என்னுடையது. பழைய சீட்டுப் பஞ்சைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் மெத்தை போட்டேன், பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டேன், வேகத்தடை வந்தால் வண்டியை நானே தோளில் தூக்கி வைப்பதுபோல ஏற்றி இறக்கினேன். பெத்த பிள்ளைகளைக்கூட நான் இப்படி உட்கார வைத்து ஓட்டியதில்லை என்று உன் அம்மா பொருமுவாள். பிள்ளைகள் எனக்குக் கண்ணாடி மாமா என்று பெயர் வைத்தார்கள். எனக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான், ஏதோ நானே விஞ்ஞானம் சொல்லித் தருவதுபோல. ஆனால் காகிதத்தில் மாதத்துக்கு ஒரு வாரம் என்று இருக்குமே தவிர, நடப்பது வேறு. கிளட்ச் போய் வண்டி ஒன்றரை மாதம் பட்டறையில் நின்றது, அதிகாரிக்குக் கூட்டம் இருந்தால் வண்டி அங்கே போய்விடும், மழை பெய்தால் மேட்டுப் பள்ளி ஏற்றத்தில் இந்தக் கிழட்டு வண்டி பின்னால்தான் நகரும். போன வருஷம் முழுக்க மேட்டுப் பள்ளிக்குப் பெட்டி மூன்றே தடவைதான் போயிருக்கிறது, அதிலும் ஒரு தடவை அரை நாள். இது நான் என் வண்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவது. எந்தப் பள்ளிக்குப் போனேன், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைக்கிற புத்தகம், என் வாழ்க்கையில் நான் முழுதாக எழுதியது அது ஒன்றுதான்.

உன் தங்கை அங்கே அறிவியல் சொல்லித் தருகிறாள். ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கிற வேலை, அது உனக்குத் தெரியும். பெட்டி வராத வாரங்களில் அவள் என்ன செய்கிறாள் தெரியுமா, வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எப்படிச் சின்னச் சின்ன அறையாகத் தெரியுமோ அதை வகுப்புத் தரை முழுக்கச் சாக்பீஸால் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு பிள்ளையை நிற்க வைத்து, நீதான் இதற்கு நடுப்புள்ளி, அசையக் கூடாது என்பாளாம். நான் ஒரு நாள் பெஞ்சு இறக்கப் போனபோது பார்த்தேன், முப்பத்தொரு பிள்ளைகளும் வெங்காயத்துக்குள் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "மாமா, சுவரை மிதிச்சிட்டீங்க!" என்று ஒருத்தி கத்தினாள், நான் துள்ளி வெளியே குதித்தேன். அப்படிப் படித்த பிள்ளைகள் செய்முறைத் தேர்வுக்குப் பெரிய பள்ளிக்குப் போனார்கள். என்னைப் பார்த்துக் கத்தின அதே பெண், மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்ததும் கீழே இருக்கிற சின்னக் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பவேண்டும் என்பது ஞாபகம் வராமல், உள்ளே ஒரே இருட்டாக இருக்கிறதே என்று பயந்து, தரையில் பார்த்த படத்தையே மனசிலிருந்து அழகாக வரைந்து கொடுத்துவிட்டாளாம். பார்க்காமல் வரைந்தாய் என்று தேர்வாளர் பூஜ்யம் போட்டுவிட்டார். போகும்போது வண்டியில் பாட்டுப் பாடிக்கொண்டு போன கூட்டம், திரும்பி வரும்போது உள்ளே என்ன தெரிந்தது என்று ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டே வந்தது. முப்பத்தொரு பேரில் ஒன்பது பேர்தான் தேறினார்கள்.

அந்தப் பரீட்சை முடிந்து முடிவு வருவதற்குள்தான் மேலிடத்து ஆய்வு வந்தது. எந்தப் பள்ளியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று நேரில் பார்த்து எழுத மூன்று பேர், நான்கு பள்ளியும் ஒரே நாளில். இதில் எங்களுக்கு ஏற்கனவே ஒரு சூடு பட்டிருக்கிறது. முன்பு நம் வட்டாரத்தில் பள்ளி ஐந்து, நீகூடக் கூட்டு ரோட்டுப் பள்ளிக்குப் பந்து விளையாடப் போயிருக்கிறாய். அங்கிருந்த தலைமையாசிரியர் ரொம்ப நேர்மையான மனிதர், பெட்டி வருவதற்கு முந்தின வருஷம் படிவத்தில் ஆய்வகம் இல்லை, கருவி இல்லை, அனுப்பினால் நல்லது என்று எழுதினார். அவர்கள் கருவி அனுப்பவில்லை. வசதி இல்லாத இடத்தில் மேல்வகுப்பு நடத்தக் கூடாது என்று ஒரு தாள் அனுப்பி மேல்வகுப்பை மூடினார்கள், அடுத்த வருஷம் மொத்தப் பள்ளியையும் மூடினார்கள். இப்போது அங்கே உடைந்த நாற்காலி அடுக்கி வைத்திருக்கிறது, நான்தான் கொண்டுபோய் அடுக்கினேன். அங்கே படித்த நாற்பது பிள்ளைகளில் பதினேழு பேர்தான் வேறு பள்ளியில் சேர்ந்தார்கள், மிச்சப் பேரை நான் அங்கங்கே பார்க்கிறேன், ஒருத்தி பெட்ரோல் பங்க்கில் என் வண்டிக்கே காற்று அடிக்கிறாள், படிப்பில் கெட்டி அவள். அதனால் ஆய்வு என்றதும் தலைமையாசிரியர்கள் நான்கு பேரும் எங்கள் சரக்கறை எழுத்தரிடம் ஓடி வந்தார்கள். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரப்பர் ஸ்டாம்பு, எதைக் கேட்டாலும் முத்திரை இருக்கிறதா என்பார். அவர்தான் யோசனை சொன்னார், "பெட்டி ஒண்ணுதான், ஆனா பள்ளி நாலும் ஒரே நேரத்துல இருக்கப்போறதில்லையே. அவங்க சாப்பிட்டுக் கிளம்புறதுக்குள்ள நம்ம அண்ணன் குறுக்கு வழியில போயிடுவாரு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அத்தனை படித்தவர்கள் ஒன்றாக என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் மீசையைத் தடவிக்கொண்டு, பார்த்துவிடலாம் சார் என்றேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்போது எனக்கு அது பெரிய கௌரவமாகத்தான் இருந்தது.

அந்த நாளை என்னவென்று சொல்வது. பெரிய பள்ளியில் அவர்கள் பார்த்து முடித்து டீ குடிக்கும்போது பின்வாசல் வழியாகப் பெட்டியை ஏற்றினேன், ஆற்றங்கரைப் பள்ளியில் இறக்கினேன், அங்கே பார்த்து முடித்ததும் ஏற்றினேன், மில் பள்ளியில் இறக்கினேன். ஏழாம் எண் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டைப் பிடித்துவைக்கிற கம்பி உடைந்து நான் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். மில் பள்ளியில் அந்த மூன்று பேரில் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, "இங்கேயும் சிவப்பு நூலா? போன பள்ளியிலும் இப்படித்தான் கட்டியிருந்தாங்க" என்றார். நான் மேஜையைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே, எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிப் பராமரிப்பு, பாராட்டத்தக்கது என்று எழுதிக்கொண்டார். படித்தவர்களையும் கண் ஏமாற்றும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன், ஆனால் சிரிக்கத் தெம்பில்லை. கடைசியாக மேட்டுப் பள்ளி. ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முக்கி முனகி நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் கார் வளைவில் வருகிற சத்தம் கேட்டுவிட்டது. "மாமா, இது நம்ம வாரம் இல்லையே!" என்று ஒரு பிள்ளை சந்தோஷமாகக் கேட்டது, நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆய்வக அலமாரியில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து முடிக்கவும் அவர்கள் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. எண்ணினார்கள், எழுதினார்கள், தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டார்கள். உன் தங்கை அலமாரிச் சாவியை வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அன்று சாயங்காலம் ரப்பர் ஸ்டாம்பு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன்.

அப்புறம் வந்ததுதான் நான் துணி பிடித்த அந்த அறிக்கை. மற்ற மூன்று பள்ளிக்கும் முன்னேற்றம் தேவை என்று எழுதி விட்டுவிட்டார்கள். மேட்டுப் பள்ளிக்கு எழுதியதை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். பன்னிரண்டு நுண்ணோக்கிகள் உட்பட ஆய்வகக் கருவிகள் முழுமையாக உள்ளன, அறிவியலில் தேர்ச்சி முப்பத்தொருவரில் ஒன்பது, குறை கற்பித்தலில். அவ்வளவுதான். கருவி இல்லை என்று எழுதினால் பள்ளியை மூடுகிறார்கள், இருக்கிறது என்று காட்டினால் டீச்சரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் நமக்கு அடிதான். மேல்வகுப்பு இரண்டையும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவது, உன் தங்கையின் வேலையை நீட்டிக்காமல் விடுவது என்று பரிந்துரை. அதோடு போனால்கூடப் பரவாயில்லை, குறை கற்பித்தலில் என்று அவள் கோப்பில் எழுதிவிட்டால் வேறு எந்தப் பள்ளி அவளைச் சேர்க்கும்? பிள்ளைகளை நினைத்தால் அதற்குமேல் பயமாக இருக்கிறது. மேட்டிலிருந்து பெரிய பள்ளிக்குப் பதினான்கு கிலோமீட்டர், பஸ் தனக்குத் தோன்றினால் வரும். எத்தனை பேர் போவார்கள் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரிய வேண்டியதில்லை, கூட்டு ரோட்டுப் பள்ளியைப் பார்த்தவன் நான்.

போன வியாழக்கிழமை அவளை விளக்கம் கேட்கக் கூப்பிட்டார்கள். அதிகாரியின் அறைதான், நீளமான மேஜை, மேலே மின்விசிறி ஒரு பக்கமாகத் தலையாட்டிக்கொண்டு சுற்றுகிறது, மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் சேர்த்து விசாரணைக் குழுவில் மூன்று பேர், இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலி. நான் அதிகாரியின் கைப்பையை வைத்துவிட்டு வெளியே போகவேண்டியவன், கதவோரமாகவே நின்றுவிட்டேன், யாரும் போகச் சொல்லவில்லை. அதிகாரி கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் கேட்டார், "இவ்வளவு கருவி இருந்தும் ஏன்மா இப்படி? ஏதாவது காரணம் இருந்தா சொல்லு, எழுதிக்கிறோம்." அவள் ஒரு தடவை என் பக்கம் பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நான் இன்னும் நல்லா நடத்தியிருக்கணும் சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும், நாள் கணக்கில்கூடத் தெரியும், சமையலறைக் காலண்டரில் குறிக்கிறவளே அவள்தான். அரசாங்கத் தாளில் பொய் எழுத உடந்தையாக இருந்தான் என்று வந்தால் எனக்கு ஓய்வூதியம் கிடையாது, இன்னும் என்னவெல்லாம் உண்டோ எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அதிகாரி என் பக்கம் திரும்பி, "டிரைவர், நீங்கதானே எல்லாப் பள்ளிக்கும் போறவர். மேட்டுப் பள்ளியில பன்னிரண்டு மைக்ராஸ்கோப் இருந்ததை நீங்களும் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவர் சும்மா கேட்டாரா, சந்தேகப்பட்டுத்தான் கேட்டாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் சொன்னேன், "பாத்தேன் சார். எண்ணிக்கூடப் பாத்தேன் சார்." கேட்காததையும் சேர்த்துச் சொல்லி அவள் கழுத்தில் முடிச்சை இறுக்கிவிட்டு வந்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும்போது அவள் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து நான் வண்டியை இரண்டாவது கியரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "வைப்பர் ரப்பர் தேஞ்சிடுச்சுப்பா, மாத்துங்க, எதிர்ல வர்றது தெரியலை" என்றாள். உன் அம்மாதான் வீட்டில் பிடித்துக்கொண்டாள். நடந்ததை நான் பாதி சொல்லியும் பாதி முழுங்கியும் முடித்ததும், "எண்ணிக்கூடப் பாத்தாராம்! வீட்ல டம்ளர் எத்தனை இருக்குன்னு கேட்டா தெரியாது, அங்க போய் எண்ணிட்டு வந்தாராம்! அவ வாயை மூடினது உங்களுக்காக, நீங்க வாயைத் திறந்தது யாருக்காக?" என்றாள். அப்புறம் அவளே கொஞ்ச நேரம் கழித்து வந்து, "பயமா இருக்குங்க" என்றாள். அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது, நீ முதன்முதலில் விமானம் ஏறினபோதுதான்.

வெள்ளிக்கிழமை ரப்பர் ஸ்டாம்பு நான் வண்டி கழுவுகிற இடத்துக்கே வந்தார். அவர் சரக்கறையை விட்டு வெயிலில் வருகிற ஆளே இல்லை. "அண்ணே, உங்க வண்டிப் புத்தகத்தைக் கொடுங்க, பழசாயிடுச்சு, புதுசு தர்றேன்" என்றார். ஆய்வு நாளன்று நான் அதில் என்ன எழுதினேன் என்று அவருக்குச் சந்தேகம். அலுவலக வேலை என்று எழுதச் சொல்லியிருந்தார், நானும் அப்படித்தான் எழுதினேன், ஆனால் பழக்க தோஷம், பக்கத்திலேயே நான்கு பள்ளிக்கும் போன நேரத்தையும் கிலோமீட்டரையும் வரிசையாகக் குறித்துவிட்டேன். பொய் சொல்லக்கூட ஒழுங்காகத் தெரியாதவன் உன் அப்பன். புத்தகம் வீட்டில் இருக்கிறது, திங்கட்கிழமை கொண்டு வருகிறேன் என்றேன். அவர் வண்டி டயரைக் காலால் தட்டிக்கொண்டே, "கையெழுத்துப் போட்டது நாலு தலைமையாசிரியரும் நானுமா அஞ்சு பேரு அண்ணே, ஓட்டினது ஒருத்தர்தான். ஒருத்தரைத் தூக்குறது சுலபம், யோசிச்சுக்குங்க" என்றார், சிரித்துக்கொண்டே சொன்னார். அதிலிருந்து போன் அடித்தால் திடுக்கென்கிறது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன், நேற்று சிக்னலில் பச்சை விழுந்தும் நகராமல் நின்று பின்னால் வந்த லாரிக்காரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். புத்தகம் இப்போது உன் அம்மாவின் வெட்டுத் துணி மூட்டைக்கு அடியில் இருக்கிறது. வருகிற புதன்கிழமை அந்தக் குழு கூடி முடிவெடுக்கிறது. நாளைக் காலை அதிகாரியை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குக் கூட்டிப் போகிறவன் நான், வண்டியில் நானும் அவரும் மட்டும்தான், இருபது நிமிஷப் பயணம். புத்தகத்தை இருக்கையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கிளப்பிவிட்டால் சாலையைப் பார்க்கிற சாக்கில் சும்மா இருந்துவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. சொன்னால் என் வேலை என்ன ஆகும், நான்கு தலைமையாசிரியர்கள் என்ன ஆவார்கள், நான்கு பள்ளியையும் சேர்த்து மூடிவிடுவார்களோ, ஒன்றும் புரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது, அதுதான் பயத்திலேயே பெரிய பயம்.

நீ இதற்காக வேலையை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்று நிற்காதே. உன் தங்கைக்குப் போன் செய்து துருவவும் வேண்டாம், அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். அவள் இன்னும் தினமும் பாடம் தயார் செய்கிறாள், நேற்று ஒரு தண்ணீர்ச் சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து அதன் வழியாக எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்காம். அடுத்த வருஷம் யார் யார் எங்கே இருப்போம் என்று நினைத்து நான் அந்தப் பக்கம் பார்க்காமல் எழுந்து போய்விட்டேன். நீ அங்கே குளிருக்கு ஒழுங்காகக் காலுறை போட்டுக்கொள், வேலை மும்முரத்தில் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, லிஃப்டுக்கு மேலே ஏறி நிற்கும்போது கீழே யார் சுவிட்சைத் தொடுவார்கள் என்று பார்த்து அவனிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு ஏறு, ஒரு தடவை சொன்னால் மனுஷன் மறப்பான். உன் கையில் எந்தப் பொருளைக் கொடுத்து எங்கே வை என்று சொன்னாலும், எதற்கு என்று கேட்டுவிட்டு வை. நான் கேட்கவில்லை. உன் அம்மா உனக்கு இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறாள், தோள் அளவு மாறியிருக்கிறதா என்று எழுதச் சொன்னாள், மறக்காமல் எழுது. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும், உனக்கு நல்ல மனிதர்களே துணையாக அமையட்டும், நோய் நொடி உன் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்கட்டும். எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரை வைத்திருக்கும்
அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை. அதிகாரி என்னைப் பார்த்துக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, உன் அம்மாவுக்கும் அதை இன்னும் சொல்லவில்லை, நாளைக்கு நாக்குக்குப் பழகட்டும் என்று ஒரு தடவை கையால் எழுதிவிடுகிறேன். ஆய்வு நாளன்று மேட்டுப் பள்ளியில் நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனபோது, உன் தங்கை ஆய்வக வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வேண்டாம்ப்பா, காலி அலமாரியையே அவங்க பாக்கட்டும்" என்றாள். என் மகள் நிற்கிற இடத்தில் அலமாரி காலியாக இருப்பதை வெளி மனிதர்கள் பார்க்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீறாப்பு. பெட்டியாலேயே அவளை இடித்து ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.